ஒரே படம், இரண்டு நாயகர்கள்: பாறசாலைப் பக்கத்தில் ‘காவியத் தலைவன்’

தென்திருவிதாங்கூர்க்காரர்களுக்கு நாடகப் பித்தும் பாட்டுப் பித்தும் பரம்பரைச் சொத்து. வீண் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பாறசாலையில் 1924இல் பிறந்த பொன்னம்மாள்தான் 2006இல் திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் அமர்ந்து பாடிய முதல் பெண். பல தலைமுறைகளாக ஆண்கள் மட்டுமே பாடிவந்த இடம் அது. நெய்யாற்றின்கரை வாசுதேவன் என்ற பெயரைச் சொன்னால் கர்நாடக இசை தெரிந்த எந்தத் தமிழரும் நிமிர்ந்து உட்காருவார். ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் களியக்காவிளை வழியாக எங்கள் ஊர்களைக் கடந்து, நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு தங்கித்தான் திருவனந்தபுரம் போய்ச் சேருகிறார்கள். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்திலேயே நின்றுவிட்டது. கோடு நம் வீட்டுக் கொல்லைப்புறம் வழியாகப் போனது, அவ்வளவுதான். பாட்டுக்கும் நாடகத்துக்கும் யாரும் கோடு போடவில்லை.

இந்த மண்ணில் 2014ஆம் ஆண்டு நவம்பர் 28 அன்று வெளியான ஒரு தமிழ்ப் படம் வீட்டுக்கு வீடு சண்டையை மூட்டிவிட்டது. வசந்தபாலன் இயக்கி, ஜெயமோகன் வசனம் எழுதி, ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த ‘காவியத் தலைவன்’. சண்டை என்றால் அடிதடி இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில், ரயில் நிலையத்தில், பெருநாள் முடிந்து கூடியிருக்கும் திண்ணையில் நடக்கும் வாய்ச் சண்டை. “கொள்ளாம்” என்று ஒரு கட்சி. “இழுக்கு, உறக்கம் வந்துட்டு” என்று இன்னொரு கட்சி. பத்தாண்டுக்கு மேல் ஆகியும் தொலைக்காட்சியில் அந்தப் படம் வந்தால் பழைய வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்துவிடுகிறது. அந்த வழக்கில் இரு தரப்பும் என்ன சொல்லின, யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

கதையைப் பலரும் அறிவார்கள். சிவதாஸ் சுவாமிகள் (நாசர்) நடத்தும் ஸ்ரீ பாலசண்முகானந்தா நாடக சபாவில் இரண்டு சிறுவர்கள் வளர்கிறார்கள். காளியப்பன் (சித்தார்த்), கோமதிநாயகம் (பிருத்விராஜ்). ராஜபார்ட் யாருக்கு என்று வாத்தியார் இருவரையும் நடிக்கவைத்துப் பார்த்துக் காளியைத் தேர்ந்தெடுக்கிறார். அன்றைக்குக் கோமதியின் நெஞ்சில் விழுந்த கங்கு கடைசிவரை அணையவில்லை. இடையில் ஜமீன்தார் மகளோடு காளிக்குக் காதல், குருவின் கோபம், பிரிவு, வடிவாம்பாள் என்ற பாடகி (வேதிகா), பின்பாதியில் சுதந்திரப் போராட்டம். பொறாமை முற்றி உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போகிறது.

இப்போது எல்லையின் விசேஷத்துக்கு வருகிறேன். தமிழில் இதன் பெயர் ‘காவியத் தலைவன்’. மலையாளத்தில் மொழிமாற்றம் செய்து வெளியிட்டபோது வைத்த பெயர் ‘பிரதிநாயகன்’. பெயர் மாற்றம் வியாபாரத்துக்காக இருக்கலாம், பிருத்விராஜுக்குக் கேரளத்தில் உள்ள மார்க்கெட்டை யார் அறியமாட்டார்கள்? ஆனால் பெயர் மாறியதும் படத்தின் நடுமையமே இடம் மாறிவிட்டது. எங்கள் குடும்பத்தில் பெரியவர்களெல்லாம் நாகர்கோவிலில் தமிழில் பார்த்தோம். மலையாளப் பள்ளியில் படித்த இளவட்டங்கள் திருவனந்தபுரத்தில் மலையாளத்தில் கண்டுவிட்டு வந்தார்கள். வந்து உட்கார்ந்து பேசினால், நாங்கள் ஒரு படத்தையும் அவர்கள் வேறொரு படத்தையும் பற்றிப் பேசுகிறோம்! எங்களுக்கு அது காளியின் கதை: வரம் வாங்கி வந்த ஒரு கலைஞனை ஒருவன் கெடுத்த கதை. அவர்களுக்கு அது கோமதியின் கதை: உழைத்து உழைத்துப் படித்தும் வரம் கிடைக்காத ஒருவன் புழுங்கிச் செத்த கதை. “பிருதிவிராஜு தகர்த்துட்டாம்ல மாமா, மத்தவன் சும்மா சிரிச்சிட்டு நிக்கான்” என்றான் என் மைனியின் மகன். “லேய், சிரிச்சிட்டு நிக்கதுதாம்லே நடிப்பு” என்று என் பெரியப்பா சீறினார். இந்த இரண்டு வாக்கியத்துக்குள் முழு விவாதமும் இருக்கிறது என்பேன்.

தமிழ்நாட்டு அரசு 2014ஆம் ஆண்டுக்கான விருதுகளை 2017இல் அறிவித்தபோது சித்தார்த்துக்குச் சிறந்த நடிகர், பிருத்விராஜுக்குச் சிறந்த வில்லன், ரஹ்மானுக்குச் சிறந்த இசையமைப்பாளர் என்று கொடுத்தது. அரசின் கணக்கிலும் கோமதி வில்லன்தான். மலையாளப் பெயரோ ‘எதிர்நாயகன்’ என்று அவனுக்கும் ஒரு நாயகப் பட்டம் தந்தது. இரண்டில் எது படத்துக்கு நெருக்கம் என்று கேட்டால், எங்கள் பெரியப்பா கோபித்துக்கொண்டாலும் சரி, மலையாளப் பெயர்தான் என்று சொல்வேன். முதல் பாதியில் கேமரா யார் முகத்தில் அதிக நேரம் நிற்கிறது என்று பாருங்கள். ராஜபார்ட் தேர்வுக் காட்சியில் கோமதி சாஸ்திரப்படி எல்லாம் செய்கிறான், குரலை ஏற்றுகிறான், கண்ணை உருட்டுகிறான். காளி வந்து வேறெதையோ செய்கிறான். அப்போது நம் மனம் காளியோடு போவதில்லை. தோற்றுப்போகிறோம் என்று அந்தக் கணமே தெரிந்துகொண்ட முகத்தோடுதான் போகிறது. கதை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. பெயர் வைத்தவர்களுக்குத் தெரியவில்லை.

கலைஞனின் பொறாமை உலகத்துக்குப் புதிதல்ல. மோட்சார்ட்டைப் பார்த்து சாலியேரி வெந்ததாக 1830இலேயே புஷ்கின் எழுதினார். பீட்டர் ஷாஃபர் அதை நாடகமாக்க, 1984இல் ‘அமேடியஸ்’ என்ற படம் வந்தது. அங்கும் படத்தின் பெயர் மோட்சார்ட்டுடையது, கதையோ சாலியேரியுடையது. ஆனால் பாறசாலைக்காரன் அமேடியஸை வைத்தா அளக்கிறான்? அவன் கையில் இருக்கும் அளவுகோல் ‘பரதம்’. 1991இல் லோகிததாஸ் எழுதி சிபி மலயில் இயக்கிய படம். குடியில் விழுந்த அண்ணன் பாடகர் (நெடுமுடி வேணு), அவர் இடத்தில் மேடையேறிப் பேர் வாங்கும் தம்பி (மோகன்லால்). அண்ணனுக்குப் பொறாமை வருகிறது. யாரும் யாரையும் கொல்லவில்லை. அண்ணன் வீட்டைவிட்டுப் போகிறார், செத்தும்போகிறார். தங்கை கல்யாணம் முடியும்வரை தம்பி அந்தச் சாவை நெஞ்சுக்குள் பூட்டிவைத்துக்கொண்டு நடமாடுகிறான். அதைக் கண்டு வளர்ந்த கண்ணுக்கு, காவியத் தலைவனின் பின்பாதி சத்தமாகத்தான் தெரியும். “பரதம் கண்ட பெறகு இதக் காண முடியாது” என்று எங்கள் பக்கத்து மலையாள ஆசிரியர் ஒருவர் சொன்னபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு யோசித்தேன். பரதம் ஒரு குடும்பத்துக்குள் நடக்கிறது. காவியத் தலைவன் ஒரு கம்பெனிக்குள் நடக்கிறது. பாய்ஸ் கம்பெனி என்பது வீடு இல்லாத பிள்ளைகள் சோற்றுக்காகவும் வித்தைக்காகவும் சேர்ந்து கிடந்த இடம். அங்கே ராஜபார்ட் என்பது புகழ் மட்டுமல்ல, பந்தியில் முதல் இலை, தனிப் படுக்கை, மறுநாள் வேலை நிச்சயம். அதை இழந்தவனுடைய வயிற்றெரிச்சல் வேறு ரகம். அந்த வேற்றுமையை வசந்தபாலன் முதல் பாதியில் நன்றாகவே காட்டியிருக்கிறார். படத்தை ஒரேயடியாகத் தள்ளுகிறவர்கள் இதைக் கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

அடுத்த கட்சி இன்னும் பழைய கட்சி. நாடகம் கண்டவர்கள், அல்லது கண்டவர்கள் சொல்லக் கேட்டவர்கள். இவர்களுடைய புகார் வேறு: “பாட்டு எங்கடே?” ரஹ்மானின் பாட்டுகளை இவர்கள் குறை சொல்லவில்லை. வாணி ஜெயராம் பாடிய திருப்புகழைக் கேட்டுக் கண் கலங்கியவர்கள்தான் இவர்கள். பழைய நாடக மெட்டில் தொடுத்த அல்லி அர்ஜுனா பகுதியைத் தலையாட்டி ரசித்தவர்களும் இவர்களே. குறை எங்கே என்றால், நாடகக் கம்பெனி கதையில் போட்டி பாட்டில் நடக்கவில்லை, நடிப்பில் நடக்கிறது.

இது சின்ன விஷயமல்ல. அந்தக் காலத்து நாடகத்தைக் கொஞ்சம் மனத்தில் கொண்டுவந்து பாருங்கள். மைக் கிடையாது. கேஸ் லைட் வெளிச்சம். இரவு தொடங்கினால் விடியும்வரை. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதில் விழும்படி ராஜபார்ட் பாடியாக வேண்டும். உச்ச ஸ்தாயியில் நின்று பேசாவிட்டால் ‘ஒன்ஸ்மோர்’ கிடையாது, செருப்பு வேண்டுமானால் கிடைக்கும். ஸ்பெஷல் நாடகம் என்றால் இன்னும் மோசம்: வெவ்வேறு ஊரிலிருந்து வந்த ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் ஒத்திகையே இல்லாமல் மேடையில் சந்தித்துப் பாட்டாலேயே தர்க்கம் செய்வார்கள். ஆர்மோனியக்காரர்தான் இருவருக்கும் நடுவில் நீதிபதி. பாய்ஸ் கம்பெனிப் பையனுக்கு மீசை அரும்பும் வயதில் ‘மகரக்கட்டு’ வரும். குரல் உடையும். நேற்றுவரை ராஜகுமாரன், இன்றைக்குச் சமையற்கட்டில் எடுபிடி. அத்தனை பையன்களின் வாழ்வை முறித்த அந்த மகரக்கட்டை மையமாக வைத்திருந்தால் காளியும் கோமதியும் மோதுவதற்கு வேறு காரணமே வேண்டியிருக்காது. குரல் ஒருவனுக்குத் தங்குகிறது, மற்றவனுக்குப் போகிறது. அதைவிடக் கொடிய விதி உண்டா? படம் அதைத் தொடாமலே போய்விட்டது. நடிகர் வாயசைக்கப் பின்னணிப் பாடகர் பாடும் சினிமாவில், ‘தன் குரலில் தானே பாடிய நடிகன்’ என்ற விஷயத்தைக் காட்டுவதே சங்கடம்தான். ஆனாலும் முயன்றிருக்கலாம். 1973இல் வந்த ‘ராஜபார்ட் ரங்கதுரை’யிலும் இதே சங்கடம் இருந்தது. சிவாஜி தாமே பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர் என்பதால் நடையிலும் நிற்பதிலும் அந்த மேடை தானாக வந்துவிட்டது.

கிட்டப்பாவை நினைத்துப் பாருங்கள். படத்தில் வரும் காளி, வடிவு ஜோடிக்கு எஸ்.ஜி.கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும்தான் நிழல் என்று பலரும் எழுதினார்கள். கிட்டப்பா 1906இல் பிறந்தது செங்கோட்டையில். செங்கோட்டை அன்றைக்குத் திருவிதாங்கூர்! அதாவது நம்மவர். 27 வயதில், 1933இல் இறந்துபோனார். அந்த வயதுக்குள் அவர் எழுப்பிய குரல் இசைத்தட்டில் இன்றும் கேட்கிறது. கீறல் விழுந்த அந்தத் தட்டைக் கேட்ட காதுக்கு, காளிக்குக் கொடுத்திருக்கும் மென்மையான இன்றைய குரல் பொருந்தாது. ரஹ்மான் காலத்துக்கேற்ற வாத்தியங்களைத் தேடியிருக்கிறார், மெட்டிலும் பழைய சாயல் வருகிறது. குரல் மட்டும் மைக்குக்கு முன்னால் நின்று பாடும் குரலாகவே இருக்கிறது. “சண்டிக் குதிரை” போன்ற பாட்டில் அது உறுத்தவில்லை, விளையாட்டுப் பாட்டு அது. மேடைக் காட்சிகளில் உறுத்துகிறது. ஆகவே “பாட்டு எங்கடே” என்ற கட்சிக்கு என் ஓட்டில் பாதி உண்டு. மீதிப் பாதி ஏன் இல்லை என்றால், கிட்டப்பாவைப் போலவே இன்னொருவர் பாட வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. அப்படிப் பாட ஆள் இல்லாததால்தான் அவர் கிட்டப்பா.

பெண்களின் விமர்சனத்தை யாரும் காதில் வாங்கவில்லை, நான் வாங்கினேன். எங்கள் சித்தி ஒருத்தி, எழுபது கடந்தவள், கொடுமுடி சுந்தராம்பாள் பாட்டென்றால் உயிர். படம் முடிந்து வெளியே வந்ததும் சொன்னாள்: “அவ என்ன, ரெண்டு ஆம்பிளைக்கு நடுவுல வெச்ச பந்தாக்கும்?” சரியான அடி. உண்மையான சுந்தராம்பாள் கணவர் இறந்தபின் வெள்ளைச் சேலை உடுத்தி, தனியாக நின்று, தேசியப் பாட்டுப் பாடி, படங்களில் நடித்து, சென்னை சட்ட மேலவை உறுப்பினராகவும் ஆனவர். 1980இல் மறையும்வரை அவர் யாருடைய நிழலிலும் நிற்கவில்லை. வடிவாம்பாளுக்கோ காளியைக் காதலிப்பது, கோமதியால் காதலிக்கப்படுவது என்ற இரண்டு வேலைதான். வேதிகா தம்மால் ஆனதைச் செய்திருக்கிறார். எழுத்து அவருக்கு இடம் கொடுக்கவில்லை. ஜமீன்தார் மகள் பகுதி அதைவிடத் தேய்ந்த சரக்கு.

பின்பாதியில் வரும் தேசபக்தி நாடகங்களைப் பற்றி இளவட்டங்கள் “திடீர்னு கப்பலேறி வேற படத்துக்குப் போயிட்டாங்க” என்றார்கள். எனக்கு அது திடீர் என்று படவில்லை. வெ.சாமிநாத சர்மாவின் ‘பாணபுரத்து வீரன்’ தடைசெய்யப்பட்டபின் அதையே ‘தேசபக்தி’ என்று பெயர் மாற்றி டி.கே.எஸ். சகோதரர்கள் நடத்தினார்கள். எஸ்.எஸ்.விஸ்வநாததாஸ் முருகன் வேடத்தில் மேடையேறிச் சுதந்திரப் பாட்டுப் பாடிப் பலமுறை சிறை போனவர். 1940 டிசம்பர் கடைசி நாளில், சென்னையில், அந்த முருகன் வேடத்திலேயே மேடையில் உயிர்விட்டார். இப்படி ஒரு நிஜம் கையில் இருக்கும்போது, அதைக் காளியின் கதையில் ஒரு திருப்பமாக மட்டும் பயன்படுத்தியதுதான் குறை. வரலாறு அங்கே தவறாக இல்லை, அவசரமாக இருக்கிறது. இரண்டு படத்துக்கான சரக்கை ஒரு படத்தில் அடைத்த அவசரம்.

இனி, வெளிமாநிலத்தில் குடியிருக்கும் நமக்கு மட்டும் உரிய கேள்வி ஒன்று. எங்கள் பக்கத்தில் ஒரு கட்சி இப்படிச் சொன்னது: “நம்ம நாடகத்தப் பத்தி ஒரு படம் வருகு. கொறய நாமே சொல்லலாமா? மலையாளத்தான் சிரிப்பான்.” இந்தக் கட்சியில் படித்தவர்களும் உண்டு, என் நெருங்கிய நண்பர்களும் உண்டு. அவர்களுடைய கவலை எனக்குப் புரிகிறது. தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகள் எங்கள் வீடுகளிலேயே வளர்ந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தமிழ் என்றால் பேச்சும் சினிமாவும்தான். அப்படியிருக்க, தமிழ் நாடக மரபைப் பெரிய திரையில் காட்ட முன்வந்த ஒரே படத்தையும் நாமே கிழித்துப்போட்டால் பிள்ளைகளிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று கேட்கிறார்கள். வசூலில் அந்தப் படம் எதிர்பார்த்த அளவு ஓடவில்லை என்பதும் இந்தக் கவலைக்குக் காரணம்.

என்னால் இதை ஏற்க முடியவில்லை. நம் முன்னோர் கிட்டப்பாவையே மேடையில் வைத்து ‘ஒன்ஸ்மோர்’ கேட்டார்கள், பிடிக்காவிட்டால் மண்ணை வாரித் தூற்றினார்கள். நவராத்திரி மண்டபத்தில் கைதட்டும் வழக்கமில்லை, ஆனால் மறுநாள் காலை கோட்டைக்குள் ஒவ்வொரு சங்கதியும் அலசப்படும். ரசிகன் என்பவன் அப்படித்தான் இருந்திருக்கிறான். “நம்ம படம்” என்று தாங்கிப் பிடிப்பது விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை, சொந்தக்காரனுக்குச் செய்கிறதல்ல. மேலும் மலையாளத்தான் சிரித்தானா என்றால், இல்லை. அந்த மலையாள ஆசிரியரே படம் முடிந்து என்னிடம் கேட்டது: “இந்தச் சங்கரதாஸ் சுவாமிகள் ஆரு? புஸ்தகம் உண்டோ?” சிவதாஸ் சுவாமிகளுக்குப் பின்னால் நிற்பது சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஓர் இரவில் ஒரு நாடகம் எழுதியவர் என்றும், கடைசிக் காலத்தில் வாதத்தால் பேச்சிழந்து கிடந்தார் என்றும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். டி.கே.சண்முகம் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’யைப் பற்றியும் சொன்னேன்.

அந்தப் புத்தகத்தைச் சொன்னபோதுதான் ஒன்று உறைத்தது. படத்தில் வரும் சபாவின் பெயர் டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் தொடங்கிய பாலஷண்முகானந்த சபாவின் பெயரிலிருந்து வந்தது. டி.கே.எஸ். என்பதில் உள்ள ‘டி’ எது தெரியுமா? திருவனந்தபுரம். அவர்களோடு சேர்ந்து வளர்ந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரர். தமிழ்க் கம்பெனிகள் இந்தப் பாதையில்தான் ஏறி இறங்கின. அவர்கள் கொட்டகை போட்ட ஊர்களில்தான் மலையாளச் சங்கீத நாடகமும் முளைத்தது. 1892இல் டி.சி.அச்சுதமேனோன் ‘சங்கீத நைஷதம்’ எழுதியபோது அவர் கண்முன் இருந்த மாதிரி தமிழ் நாடகம்தான். இத்தனை இருந்தும் படத்தில் திருவிதாங்கூர் இல்லை. ஒரு கொட்டகைக் காட்சிகூட இந்தப் பக்கம் நடப்பதாக வைக்கவில்லை. ஒருவகையில் நானும் பிரதிநாயகன் கட்சிக்காரனாகிவிட்டது இதனால்தானோ என்னவோ. கோமதியாக நின்றவர் திருவனந்தபுரத்துப் பிள்ளை. அந்த அளவுக்காவது எங்கள் ஊர் அந்தச் சபாவுக்குள் இருந்தது.

படத்தை இன்னும் பார்க்காதவர்களுக்கு என் யோசனை, முடிந்தால் தமிழில் பாருங்கள். நாடக வசனத்தின் எதுகை மோனை மொழிமாற்றத்தில் தங்காது. வாலி, நா.முத்துக்குமார், பா.விஜய் மூவரும் எழுதிய வரிகள் காதில் விழ வேண்டும். முதலிருவர் இன்று இல்லை. வாலி படம் வெளிவருவதற்கு முன்பே, 2013இல் காலமானார். வாணி ஜெயராமும் 2023இல் போய்விட்டார். அவருடைய திருப்புகழ் ஓடும் இரண்டு மூன்று நிமிஷத்துக்கு மட்டும், மேற்கண்ட கட்சிகள் எல்லாம் எங்கள் வீட்டில் வாயை மூடிக்கொள்ளும். பாட்டு முடிந்த கையோடு பெரியப்பா ஆரம்பிப்பார்: “இப்பச் சொல்லுலே, யாருலே தலைவன்?”